இலையுதிர்காலத்து எளிய உணவு: பாற்கட்டியிட்டுச் சுட்ட பூசணி

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தல் என்பது தமிழர் நாவிற் பழகிய மொழி. பழந்தமிழர் அறிந்திருந்த பூசணி, தோலின்மேல் வெண்ணீறு பூத்து நிற்கும் நீற்றுப்பூசணியே. மஞ்சட் சதையும் இனிப்புச் சுவையும் உடைய மற்றைப் பூசணியோ அமெரிக்கக் கண்டத்திலே தோன்றியது. 1492ஆம் ஆண்டிற் கொலம்பசு கடல் கடந்த பின்னரே அது உலகின் ஏனைப் பகுதிகளுக்குச் சென்றது. தமிழகத்தார் அதனைப் பரங்கிக்காய் என வழங்குவர். பரங்கியர் என்பது மேனாட்டாரைக் குறித்த சொல்லாதலால், அக்காய் வந்த வழி அதன் பெயரிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது. இலங்கைத் தமிழரோ தம்மிடம் முன்னரே இருந்த பெயரைப் புதிய காய்க்கும் இட்டு, அதனைப் பூசணிக்காய் என்றே அழைத்தனர்.

இத்தாலிய மக்களும் இவ்வாறே செய்தனர். அமெரிக்கா அறியப்படுமுன் அவர்களிடம் இருந்தது சுரைக்காய். அதனைச் சூக்கா என்றனர். புதிய காய் வந்ததும் அப்பெயரே அதற்கும் ஆயிற்று. உரோமாபுரியிலுள்ள வில்லா பர்னெசீனா என்னும் மாளிகையின் விதானத்தில் ஜொவான்னி தா ஊதினே என்னும் ஓவியர் காய்கனி மாலைகளைத் தீட்டியுள்ளார். அவை 1515ஆம் ஆண்டுக்கும் 1518ஆம் ஆண்டுக்கும் இடையில் வரையப்பட்டவை. அம்மாலைகளிடையே அமெரிக்கப் பூசணிகளைத் தெளிவாகக் காணலாம். கொலம்பசு கடல் கடந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டிலேயே அக்காய் இத்தாலிய ஓவியரின் கண்ணுக்குப் பழகிவிட்டது. மெக்சிக்கோவின் வகாக்கா மாநிலத்துக் குகையொன்றிற் கண்டெடுக்கப்பட்ட பூசணி விதைகள் ஏறத்தாழப் 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இத்துணைப் பழமை வாய்ந்த பயிர் ஐரோப்பிய மண்ணில் வேரூன்றிய இடங்களுள் மாந்தோவா என்னும் வட இத்தாலிய மாவட்டம் சிறப்புடையது.

மாந்தோவா, போ என்னும் பேராற்றின் சமவெளியில் உள்ளது. கோடையில் அங்கு வெயில் கடுமையானது. மழைக்காலத்தில் மூடுபனி வயல்களை மறைத்துவிடும். செப்டெம்பர் மாதத்திற் பகல் விரைந்து குறுகும். மரங்கள் இலையை உதிர்க்கும். ஒக்ரோபர் முற்றுமுன், முதலாம் உறைபனி விழுவதற்கு முன்பாக, பூசணிக்காய்கள் வீடு வந்து சேரவேண்டும். காய்களைக் கொடியிலிருந்து பிடுங்குதல் ஆகாது. காம்பின் ஒரு பகுதி காயிலே நிற்கும்படி கத்தியால் அறுத்தெடுப்பர். காம்பு முறிந்த காயில் அழுகல் எளிதிற் புகும். அறுத்த காய்களைச் சில நாள்கள் வெப்பமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் உலர வைத்தால் தோல் இறுகும். சிறு கீறல்களும் ஆறிவிடும். பின்னர்க் குளிர்ந்த, ஈரமற்ற அறையில், ஒன்றோடொன்று முட்டாதபடி பரப்பி வைப்பர். இவ்வாறு வைத்த நற்காய் மாதக்கணக்காகக் கெடாது இருக்கும்.

அக்காலத்திற் காயின் உள்ளேயும் ஒரு மாற்றம் நிகழ்கின்றது. சதையிலுள்ள மாப்பொருள் சிறிது சிறிதாக வெல்லமாக மாறுகின்றது. ஆகவே அறுத்த அன்று உண்ணும் பூசணியினும், சில வாரம் வைத்து உண்ணும் பூசணி இனிப்பு மிக்கதாகும். பொறுத்திருப்பவனுக்கு அதிகம் தரும் காய் அது.

பூசணி கோடை வெயிலின் சேமிப்பு என்றால், பாற்கட்டி கோடைப் பாலின் சேமிப்பு எனலாம். சீஸ் என்று பலரும் அழைக்கும் பாற்கட்டி, பால் கெட்டுப்போகாமற் காப்பதற்கு மக்கள் கண்ட வழிகளுள் மிகச் சிறந்தது. பாலைத் திரையச் செய்து, நீரை வடித்து, உப்பிட்டு, முதிர வைத்தால், ஒரு நாளிற் புளித்துவிடும் பால் ஆண்டுக்கணக்கில் நிற்கும் உணவாகின்றது. போ ஆற்றுக்குத் தெற்கிலுள்ள மாந்தோவாப் பகுதி, பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் புகழ்பெற்ற பாற்கட்டி செய்வதற்குச் சட்டப்படி உரிமை பெற்ற நிலப்பரப்பைச் சேர்ந்தது. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா ஆகிய மாவட்டங்களும், பொலோஞ்ஞா மாவட்டத்தின் ஒரு பகுதியும் அந்நிலப்பரப்பில் அடங்கும். அப்பாற்கட்டியின் பெயர் 1254ஆம் ஆண்டுப் பத்திரமொன்றிலேயே காணப்படுகின்றது.

அதனைச் செய்யும் முறை பெரிதும் மாறவில்லை. மாலையிற் கறந்த பாலை இரவு முழுதும் வைத்து, மேலே படர்ந்த ஆடையை நீக்குவர். காலையிற் கறந்த பாலை அதனோடு சேர்த்துச் செம்புக் கொப்பரையிற் காய்ச்சித் திரையவைப்பர். திரண்ட கட்டியைத் துணியில் ஏந்தி, அச்சிலிட்டு, உப்பு நீரில் ஊறவைத்து, பின்னர் மரப்பலகைகளில் அடுக்குவர். ஏறத்தாழ 550 இலீற்றர் பாலிலிருந்து 40 கிலோகிராம் எடையுள்ள ஓர் உருளை கிடைக்கும். அது 12 மாதமாவது முதிர்ந்த பின்னரே சோதனைக்கு உட்பட்டு விற்பனைக்கு வரும். 24 மாதம் முதிர்ந்ததை விரும்புவோர் பலர்.

ஒரே மாவட்டத்தில் இவ்விரு சேமிப்புகளும் உண்டாகையால், அவை ஒரே தட்டிற் சந்தித்தது வியப்பன்று. ஆயினும் அவை சரிசமமாகச் சந்திக்கவில்லை. இவ்வுணவைப் புரிந்துகொள்வதற்கு அதனை அறிதல் வேண்டும். பூசணி ஏழையின் காய்; வேலியோரத்திலும் எருக்குவியலின் அருகிலும் தானே படர்ந்து காய்ப்பது; மனிதர் உண்டு எஞ்சியது பன்றிக்குத் தீனியாவது. பாற்கட்டியோ நிலக்கிழாரின் மேசைக்கும் நகரச் சந்தைக்கும் உரியது. மாட்டைப் பேணியவரும் பாலைக் கறந்தவரும் அதனை அளவோடுதான் கண்டனர். பண்ணைக் கூலிகளின் அன்றாட உணவு சோளமாவைக் கிளறிச் செய்த பொலெந்தா என்னும் களி. அதனையே நாள்தோறும் உண்டவரிடையே, 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில், பெலாக்கிரா என்னும் கொடிய நோய் பரவிற்று. தோல் வெடித்தது; வயிறு கெட்டது; முடிவில் மனமும் பேதலித்தது. நயசின் என்னும் உயிர்ச்சத்துப் போதாமையே அதன் காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டிலேதான் துலங்கிற்று. 1937ஆம் ஆண்டில் எல்வெஜம் என்னும் அமெரிக்க விஞ்ஞானி அச்சத்தை இனங்கண்டார். பால், பாற்கட்டி ஆகியவற்றின் புரதத்திலுள்ள ஒரு கூற்றை உடல் நயசினாக மாற்றிக்கொள்ளும். ஆகவே களியின்மீதோ காயின்மீதோ துருவித் தூவிய சிறிதளவு பாற்கட்டி அம்மக்களுக்குச் சுவை மட்டும் அன்று. நோய்க்கு எதிரான ஒரு சிறு காவலும் ஆயிற்று.

நவம்பர் 11ஆம் நாள் புனித மார்ட்டின் திருநாள். அன்றோடு அந்நாட்டு உழவாண்டு முடிந்து, பண்ணை ஒப்பந்தங்களும் முடிவுறும். முற்காலத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத குடும்பங்கள் தட்டுமுட்டுப் பொருள்களை வண்டியில் ஏற்றி வேறு பண்ணையைத் தேடிச் சென்றன. இத்தாலிய மொழியில் 'சான் மார்த்தீனோ செய்தல்' என்றால் இன்றும் வீடு மாறுதல் என்றே பொருள். வண்டியில் ஏற்றிச் செல்லத்தக்கதும், குலுங்கினாலும் நசுங்காததும், புதிய அடுப்பு மூட்டிய அன்றே சமைக்கத்தக்கதுமான உணவுகளுள் தடித்த தோலுடைய பூசணியும் ஒன்று.

இவ்வாறு உண்டான உணவில் பூசணியே உணவு. பாற்கட்டி அதற்குச் சுவையூட்டும் பொருள். இக்காலத்துச் சமையலறைகளில் இவ்வொழுங்கு சில வேளை தலைகீழாகின்றது. காய் தெரியாதபடி பாற்கட்டியைக் கொட்டிச் சுடுகின்றனர். விளைவு, எண்ணெய் மிதக்கும் உப்புப் பண்டம். வறுமை கற்பித்த அளவே நல்ல அளவு என்பதற்கு இரசாயன நூலும் சான்று பகர்கின்றது.

பச்சைப் பூசணியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. நீர் உள்ள வரையிற் காயின் வெப்பம் 100 பாகை செல்சியசுக்கு மேல் ஏறாது. அந்நிலையிற் காய் வேகுமேயன்றிச் சிவக்காது. போறணையின் வறண்ட வெப்பம் மேற்பரப்பின் நீரை ஓட்டிய பின்னரே அங்கு வெப்பம் உயரும். அப்பொழுது வெல்லமும் புரதக் கூறுகளும் ஒன்றோடொன்று கூடிப் பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும். இம்மாற்றத்தை 1912ஆம் ஆண்டில் ஆராய்ந்து விளக்கியவர் மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர். நீர் குறையக் குறைய எஞ்சிய இனிப்பும் செறிகின்றது. ஆகவே அவித்த பூசணியினும் சுட்ட பூசணி சுவை மிக்கதாவது, நீரை இழப்பதனாலேயே.

ஆனால் இனிப்பு மட்டும் நாவுக்கு விரைவிற் சலிக்கும். அதனை எதிர்த்து நிறுத்துவதற்கு உப்பும் கொழுப்பும் வேண்டும். அவற்றோடு, இறைச்சிச் சாற்றிலும் முதிர்ந்த பாற்கட்டியிலும் காணப்படும் ஆழ்ந்த சுவையும் வேண்டும். 1908ஆம் ஆண்டில் இக்கேடா என்னும் யப்பானிய அறிஞர் கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து, அச்சுவைக்குக் குளுத்தமேற்று என்னும் பொருளே காரணம் என்று கண்டார். பாற்கட்டி முதிரும்பொழுது அதன் புரதம் சிதைந்து இப்பொருள் மிகுதியாக விடுபடுகின்றது. பார்மிஜானோ அதில் மிகச் செறிவுடையது. அதனாலேயே சிறிதளவு துருவல் பெரிய தட்டுக்குப் போதுமாகின்றது. கடிக்கும்போது நெறுநெறுக்கும் வெண்மணிகளைப் பலர் உப்பு என்று எண்ணுவர். அவை உப்பல்ல, புரதம் சிதைந்து உண்டான படிகங்கள், நன்கு முதிர்ந்ததற்கு அடையாளம்.

பூசணியின் நிறமும் பயனற்றதன்று. அம்மஞ்சள் நிறத்தைத் தருவது கரோற்றின். உடல் அதனை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கண்ணொளிக்கு அது இன்றியமையாதது. கரோற்றின் கொழுப்பில் கரைவதாகையால், எண்ணெயோடும் பாற்கட்டியோடும் உண்ணும்பொழுது அது உடலில் நன்றாகச் சேர்கின்றது. காயும் பாற்கட்டியும் ஒன்றற்கொன்று துணையாவது நாவளவில் மட்டும் அன்று.

இனிச் செய்முறையைக் காணலாம். நால்வருக்கு ஒரு கிலோகிராம் பூசணி போதும். சதை இறுகி, ஆழ்ந்த மஞ்சள் நிறம் உடையதாகவும், கையிலெடுத்தாற் கனமாகவும் உள்ள காயைத் தேர்தல் வேண்டும். விதையையும் நாரையும் நீக்கி, தோலைச் சீவி, ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை தடிப்புள்ள துண்டங்களாக நறுக்குக. மெல்லியதாக நறுக்கினாற் சிவக்குமுன் குழைந்துவிடும். துண்டங்களை இரண்டு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெயிற் புரட்டுக. முக்காற் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், தட்டிய உள்ளிப் பற்கள் இரண்டு, துருவிய சாதிக்காய் ஒரு சிட்டிகை ஆகியவற்றைச் சேர்க்க. இத்தாலியர் சேஜ் என்னும் நறுமண இலையையும் சேர்ப்பர், கிடையாதெனிற் குறையில்லை. உப்புக் குறைவாகச் சொல்லப்பட்டதன் காரணம், பின்னர் வரும் பாற்கட்டி தன் உப்பையும் கொண்டு வருகின்றமையே.

துண்டங்களை அகன்ற தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புதல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால், கீழ்த்துண்டங்கள் விடும் ஆவியில் மேற்றுண்டங்கள் அவியும், எதுவும் சுடப்படமாட்டாது. போறணையை முன்னரே 200 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, தட்டை மூடாமல் உள்ளே வைத்து, அரை மணி நேரம் சுடுக. நடுவில் ஒருமுறை புரட்டிவிடுதல் நன்று. கத்தி முனை தடையின்றி இறங்கி, ஓரங்கள் சிவக்கத் தொடங்கும்பொழுது வெளியே எடுக்க. தட்டில் நீர் தேங்கியிருப்பின் இன்னும் ஐந்து அல்லது பத்து நிமிடம் வைக்க வேண்டும், அவசரப்படுதல் கூடாது.

அதன் பின்னரே பாற்கட்டி வருகின்றது. தொடக்கத்திலேயே இட்டால் காய் வேகுமுன் அது கருகிக் கசக்கும். எண்பது கிராம் துருவிய பாற்கட்டியோடு மூன்று மேசைக்கரண்டி காய்ந்த பாண்தூளைக் கலந்து, துண்டங்கள் இடையிடையே தெரியும்படி தூவுக. பாண்தூள் உருகும் கொழுப்பை உறிஞ்சி, மொறுமொறுப்பான மேலோட்டைத் தரும். மீண்டும் பத்து அல்லது பன்னிரண்டு நிமிடம் சுட்டால் மேற்புறம் பொன்னிறமாகும். எடுத்தவுடன் பரிமாறாமல் ஐந்து நிமிடம் ஆறவிடுக. உருகிய பாற்கட்டி அப்பொழுது இறுகித் துண்டங்களைப் பற்றிக்கொள்ளும்.

எப்பாற்கட்டியும் இதற்கு ஆகுமோ என்னும் ஐயம் எழலாம். பாலில் புளிப்புச் சேர்த்துத் திரைத்த பன்னீர் போன்றவை எத்துணைச் சூட்டிலும் உருகா. அவை உலர்ந்து கடினமாகும். இளம் பாற்கட்டி இழையிழையாக உருகும். ஆனால் நீர் மிக்கதாகையாற் சுவை மென்மையானது. செடார் போன்ற நடுத்தர முதிர்ச்சி உடையவை உருகவும் செய்யும், சுவையும் தரும். பார்மிஜானோ கிட்டாத வீடுகளில் முதிர்ந்த செடார் தக்க மாற்றாகும். அதில் எண்ணெய் அதிகம் பிரியுமாதலால் அளவை மிகையாக்காதிருத்தல் வேண்டும்.

இலங்கையில் இலையுதிர்காலம் இல்லை. ஆயினும் இவ்வுணவின் கூறுகளுட் பல இத்தீவுக்கு அயலானவை அல்ல. பூசணி இங்கு எளிதிற் கிடைப்பது. மிளகும் சாதிக்காயும் இங்கு விளைபவை; மிளகு பன்னூற்றாண்டுகளாகக் கீழ்நாட்டுக் கடல் வழியே இத்தாலிக்குச் சென்ற சரக்கு. போறணை, பாண் என்னும் சொற்களோ போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. போறணை இல்லாத வீடுகளில், தடித்த அடியுள்ள சட்டியில் துண்டங்களைப் பரப்பி, தட்டினால் மூடி, கீழும் மேலும் தணலிட்டுச் சுடலாம். சட்டியில் ஆவி அடைபடுமாதலால், இடையிடையே மூடியைத் திறந்து அதனை வெளியேற்றுதல் அவசியம். சோறு கறியோடு சேராத உணவு என்று தயங்குவோர், பாணோடு இதனை இரவுணவாகக் கொள்ளலாம்.

மாந்தோவா உழவரின் வீட்டிற் பூசணியின் எப்பகுதியும் வீணானதில்லை. சதை மக்களுக்கு, தோல் பன்றிக்கு, விதைகளுட் சில உப்பிட்டு வறுத்துக் கொறிப்பதற்கு, பருத்த விதைகள் அடுத்த வசந்தத்து விதைப்புக்கு. இன்று அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஒக்ரோபர் முடிவில் வரும் ஹலோவீன் நாளுக்காகப் பெருந்தொகையான பூசணிகள் குடையப்பட்டு, உள்ளே விளக்கேற்றி வைக்கப்படுகின்றன. திருநாள் முடிந்ததும் அவற்றுட் பல குப்பைக்குச் செல்கின்றன. குடைவதற்கென வளர்க்கப்படும் வகை நீர்ப்பிடிப்பும் நாரும் மிக்கது; ஆயினும் குடைந்தெடுத்த புதுச்சதை உண்ணத்தகாதது அன்று. போறணையில் சற்று நீண்ட நேரமும், ஒரு கைப்பிடி பாற்கட்டியும் கொடுத்தால் அதுவும் உணவாகும். விளக்குக்கு ஓடும் வீட்டாருக்குச் சதையும் என்று பகிர்ந்துகொண்டால், குளிர்காலப் பசிக்கென மக்கள் கூரையின் கீழ் அடுக்கிவைத்த அக்காய் தன் பழைய தொழிலை மறவாது செய்யும்.